அத்தியாயம் 17: எந்தக் கிழமை போடுவீங்க?

வெள்ளிக்கிழமை ஆபீஸில் கேஷவ் கேட்ட பெயர்களை எழில்மொழி இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சோறு வடிக்கும்போதும், துணி அலசும்போதும், உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்தில் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோதும் அந்தப் பெயர்கள் அவளோடுதான் இருந்தன.

தஞ்சாவூரில் அவள் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளிலிருந்து குரல் பதிவுகள் வரும். நோயாளியைப் பார்த்து முடித்த டாக்டர்கள் பேசி வைத்ததைக் காதில் மாட்டிக் கேட்டு, எழுத்தில் கொண்டுவர வேண்டும். பதினைந்து வருடமாக அதுதான் அவள் பிழைப்பு. கடந்த ஓராண்டாக அதை ஏ.ஐ. எழுதத் தொடங்கியிருந்தது. இவர்கள் பிழை மட்டும் திருத்தினார்கள். திருத்தத் திருத்த அது கற்றுக்கொண்டது. வெள்ளிக்கிழமை மேனேஜர் கேஷவ் அவளை அறைக்குக் கூப்பிட்டு, "உங்க டீம்ல பாதிப் பேர் போதும்னு சென்னை ஹெட் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க எழில். யார் இருக்கணும்னு நீங்களே சொல்லுங்க. திங்கட்கிழமை பேர் வேணும்" என்றார்.

வீட்டில் இது யாருக்கும் தெரியாது. அதனால்தான் சனிக்கிழமை நடந்த சண்டை யாருக்கும் புரியாத சண்டையாகப் போயிற்று. பிளஸ் டூ முடித்த மகள் பரிதி, எஞ்சினியரிங் கவுன்சிலிங்கில் முதல் விருப்பமாக ஏ.ஐ. படிப்பைப் போட்டுவிட்டு ஆசையாக அம்மாவிடம் காட்டினாள். கோயம்புத்தூரில் நல்ல கல்லூரி. அவள் மார்க்குக்குக் கிடைக்கும் போலத்தான் இருந்தது. "அந்தப் படிப்பு இந்த வீட்டுக்கு வேண்டாம்" என்று எழில்மொழி கத்திய சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். ஏன் என்று பரிதி கேட்டாள். எழில்மொழி துணிகளை அள்ளிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

இன்று திங்கட்கிழமை.

"அம்மா, சாயங்காலம் அஞ்சு மணியோட முடியுது. அதுக்குள்ள லாக் பண்ணணும்" என்றாள் பரிதி, சமையலறை நிலையில் சாய்ந்துகொண்டு. "ஓ.டி.பி. உன் நம்பருக்குத்தான் வரும்."

"வந்தா சொல்றேன்."

"மொதல்ல எதைப் போடறது?"

"அதான் சொன்னேனே. சிவில் போடு. இல்ல, கரண்டு சம்பந்தமா ஏதாவது போடு. கையால தொட்டுப் பாக்குற மாதிரி ஒரு படிப்பு படி."

"கட்டடத்தையும் கரண்டையும் தொட்டுப் பாத்துக்கிட்டா இருப்பாங்க?"

வேறொரு நாளாக இருந்தால் எழில்மொழி சிரித்திருப்பாள். டிபன் பாக்ஸை மூடும் சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள். பரிதி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் ஊர் மணக்கரையிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு வாய்க்கால் கரையோடு போக வேண்டும். கணவன் அன்பரசன்தான் தினமும் பைக்கில் கொண்டுபோய் விடுவான். இரண்டு பக்கமும் குறுவை நெல் தூர் கட்டிப் பச்சையாக நின்றது. வாய்க்காலில் தண்ணீர் விளிம்பைத் தொட்டு ஓடியது. பார்க்க நிறைவாகத்தான் இருந்தது. அவளால்தான் பார்க்க முடியவில்லை.

"வெள்ளிக்கிழமையிலேர்ந்து நீ நீயா இல்ல" என்றான் அன்பரசன், திரும்பாமலே. "அந்தப் புள்ளையைப் போட்டு அப்படி வையறவ இல்ல நீ. என்னன்னு சொன்னாத்தானே தெரியும்?"

சொல்லிவிட்டாள். மதகுக்குப் பக்கத்தில் அவன் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினான்.

"உன்னையும் எடுத்துடுவாங்களா?"

"இப்ப இல்ல. இப்ப நான் ஆளைப் பிரிச்சுக் குடுக்கணும். அடுத்த தடவை வேற யாராவது என்னைப் பிரிச்சுக் குடுப்பாங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்படிங்க சொல்றது? நீங்க நடவு மெஷின் வாங்கினப்ப நம்ம தெருப் பொம்பளைங்க நடவு வேலை போயி கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னாங்க. நான் பாட்டுக்கு ஆபீஸ் போயிட்டு வீட்டுக்கு வந்தேன். இப்ப எனக்குன்னு வந்ததும் அழுதா நல்லாவா இருக்கும்?"

அன்பரசனுக்கு அது சுருக்கென்றது. அவன் முகத்தில் தெரிந்தது. மானியத்தில் அந்த மெஷினை வாங்கி ஊருக்குள் இறக்கியபோது தெருவில் ஒருத்தியும் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு சிலர் மட்டும் வந்தார்கள். மெஷினுக்கு எந்த மாதிரி நாற்று வேண்டும் என்று கேட்டார்கள். தட்டில் பாய் போலப் பரப்பி வளர்க்கிற நாற்று வேண்டும் என்று சொன்னான். அதைக் கற்றுக்கொண்டு, இன்றைக்குச் சுற்று வட்டாரத்து மெஷின்களுக்கெல்லாம் அவர்கள்தான் நாற்று கொடுக்கிறார்கள்.

"எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு நான் சொல்ல மாட்டேன் எழிலு" என்றான் அவன். "பொழைக்கத் திருப்பூருக்குப் போனவங்க போனதுதான். அவங்க வீட்டுப் பூட்டைப் பாக்குறப்பல்லாம் எனக்கு ஒரு மாதிரிதான் இருக்கு. ஆனா நாத்துப் போட வந்தவங்க மெஷினை நிறுத்துன்னு எங்கிட்ட கேக்கல. இதுக்கு என்ன வேணும்னு கேட்டாங்க. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

பஸ் ஹாரன் கேட்டது. அவன் வண்டியைக் கிளப்பினான்.

*

ஆபீஸில் எழில்மொழி கேஷவின் அறைப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே தன் இடத்துக்குப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கை எதையாவது செய்துகொண்டிருந்தால் போதும் என்று இருந்தது.

முதல் பதிவில் ஒரு டாக்டர் மூக்கடைப்போடு படபடவென்று பேசினார். வயதான பெண்மணி, இரத்த அழுத்தம், கால் வீக்கம். மருந்துப் பெயர் வந்த இடத்தில் ஏ.ஐ. ஹைட்ராலசின் என்று எழுதியிருந்தது. எழில்மொழியின் காதில் ஹைட்ராக்சிசின் என்று விழுந்தது. 'பார், இதுகூடத் தெரியவில்லை உனக்கு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அடித்துத் திருத்தினாள். கீபோர்டு சத்தத்தில் பக்கத்து நாற்காலிப் பூவிழியே திரும்பிப் பார்த்தாள்.

திரையில் அந்த வரி மஞ்சளாக மாறியது. நோயாளிக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது, அரிப்போ ஒவ்வாமையோ இருப்பதாகக் குறிப்பு இல்லை, மருந்தின் பெயரை இன்னொரு முறை கேட்டுப் பார்க்கவும் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு வந்து நின்றது.

"எனக்கா?" என்று வாய்விட்டே கேட்டாள்.

பதிவைப் பின்னுக்குத் தள்ளி, வேகத்தைக் குறைத்துக் கேட்டாள். இன்னும் குறைத்துக் கேட்டாள். மூக்கடைப்புக்கு நடுவே அந்த 'லா' தெளிவாகவே இருந்தது. ஹைட்ராலசின். அது இரத்த அழுத்தத்துக்கு. அவள் எழுதியது அரிப்புக்குக் கொடுப்பது. அப்படியே அனுப்பியிருந்தால், எங்கோ ஒரு நாட்டில் ஒரு கிழவிக்கு அழுத்தம் ஏறிக்கொண்டே போயிருக்கும்.

காது கெட்டுப் போகவில்லை என்று அவளுக்குத் தெரியும். கோபத்தில் திருத்தியிருக்கிறாள். அதைத் தோற்கடிக்க வேண்டும் என்ற வேகத்தில், முன்னே இருந்த நோயாளியை மறந்திருக்கிறாள்.

சரியான பெயரைத் திரும்பப் போட்டாள். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டின்போது பூவிழிதான் பேச்சை ஆரம்பித்தாள். டீமிலேயே சின்னவள். பெயர்கள் கேட்கப்பட்டிருக்கும் விஷயம் அவளுக்குத் தெரியாது. அவள் கணவன் பிரபுவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகி, போன வாரம்தான் வீட்டுக்கு வந்திருந்தான். அவனைத் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் காட்டக் கூட்டிப் போன கதையைச் சொன்னாள்.

"மருந்து வாங்க வரிசையில நிக்கிறேங்க்கா. எனக்கு முன்னாடி ஒரு அம்மா. திருக்காட்டுப்பள்ளிப் பக்கமாம். மூட்டு வாதத்துக்கு மாத்திரை. சீட்டை எங்கிட்ட நீட்டி, 'இதுல என்னம்மா போட்டிருக்கு'ன்னாங்க. வாரத்துக்கு ஒண்ணுன்னு தெளிவா இருக்கு, இங்கிலீஷ்ல. சும்மா பேச்சுக்கு, 'எந்தக் கிழமை போடுவீங்க'ன்னு கேட்டேன். 'கிழமை என்ன தாயி கிழமை, தினம் காலையில போட்டுக்கறேன்'ங்கறாங்க."

"ஐயையோ."

"எனக்கு உசுரே போயிடுச்சு. அந்த மாத்திரையைத் தினம் போட்டா ஆளையே சாய்ச்சிடும்னு நாமதான் எத்தனை கேஸ் டைப் அடிச்சிருக்கோம்? அப்படியே கையைப் பிடிச்சு டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போனேன். நல்லவேளை, ரெண்டு நாள்தான் போட்டிருந்தாங்க. உடனே ரத்தம் எடுத்துப் பாத்து, இப்ப நல்லா இருக்காங்க. டாக்டர் ஜாஃபர் சாதிக் இருக்காருல்ல, அந்த ஆஸ்பத்திரி அவருதுதான், அவரு என்னை நிக்க வெச்சு, 'நீ எங்கம்மா வேலை பாக்குறே'ன்னு கேட்டாரு. அதுக்கப்புறம் அந்த வரிசையில நின்ன அத்தனை பேரும் அவங்கவங்க சீட்டை எங்கிட்ட நீட்டிட்டாங்கக்கா! பிரபு பாவம், வலியோட ஒரு மணி நேரம் பெஞ்சுல உக்காந்திருந்தாரு."

பூவிழி சிரித்தாள். எழில்மொழி சிரிக்கவில்லை. பிசைந்த தயிர்சாதத்தில் கை அப்படியே நின்றுவிட்டது.

"அந்தம்மாகிட்ட மாத்திரை குடுத்தப்ப யாரும் சொல்லலையா?"

"சொல்லியிருக்காங்கக்கா. நர்ஸ் தமிழ்லயே சொல்லியிருக்காங்க. அந்தம்மா 'சரிங்க சரிங்க'ன்னு தலையை ஆட்டிட்டு வந்திருக்காங்க."

எழில்மொழி கை கழுவிவிட்டு நேராகத் தன் கம்ப்யூட்டருக்குப் போனாள். பழைய மருந்துச் சீட்டு ஒன்றை எடுத்து, பெயர் ஊர் எதுவும் இல்லாமல், ஏ.ஐ.யிடம் கொடுத்துத் தமிழில் எளிமையாகச் சொல்லச் சொன்னாள். கண் இமைப்பதற்குள் சொல்லிவிட்டது. இரண்டு முறை படித்துப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு கேஷவின் கதவைத் தட்டினாள்.

*

கேஷவ் கெட்டவர் இல்லை. பெங்களூரில் நல்ல வேலையை விட்டுவிட்டு, சொந்த ஊரில் நாலு பேருக்கு வேலை கொடுக்கிற இடத்தை நடத்தலாம் என்று வந்தவர். மேல வீதியில் அவர் குடும்பத்தின் பழைய வீடு இருக்கிறது. இந்த மூன்று நாளில் அவரும் தூங்கியிருக்க மாட்டார் என்று அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"பேர் கொண்டு வந்தீங்களா?"

"இல்ல சார். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்." காலையில் நடந்ததைச் சொன்னாள். மருந்து மாறிப்போனதை, மாறிப்போனதற்குக் காரணத்தை, எதையும் குறைக்காமல்.

கேஷவ் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்களே திருத்திட்டீங்களே. இதை எங்கிட்ட சொல்லணும்னு அவசியமே இல்லையே எழில்."

"சொல்லணும் சார். காதால கேட்டு எழுதறதுல அது என்னை ஜெயிச்சிடுச்சு. இனிமே அதுகூடப் போட்டி போட எனக்கு ஆசை இல்ல. போட்டி போட்டா இன்னைக்கு மாதிரி யாருக்காவது மருந்தை மாத்தி எழுதிடுவேன்."

"அப்ப?"

திருக்காட்டுப்பள்ளி அம்மாவின் கதையைச் சொன்னாள். கையிலிருந்த பக்கத்தை மேஜைமேல் வைத்தாள்.

"பதினஞ்சு வருஷமா வேற ஏதோ ஊர்ல இருக்கற நோயாளிக்கு எழுதிக்கிட்டிருக்கோம். இந்த ரோட்டுல எத்தனை ஆஸ்பத்திரி இருக்கு சார்? நாகப்பட்டினத்துலேர்ந்து, வேதாரண்யத்துலேர்ந்து எல்லாம் இங்கதான் வர்றாங்க. கையில ஒரு இங்கிலீஷ் சீட்டோட திரும்பிப் போறாங்க. அதை நாம போன் பண்ணி அவங்களுக்குத் தமிழ்ல சொல்லலாமே."

கேஷவ் பக்கத்தைப் படித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஏ.ஐ. எழுதினதா?"

"ஆமா சார்."

"பாருங்க, அதுவே எழுதிடுச்சு. வேணும்னா குரல்லயே பேசிடும். அப்புறம் இதுல உங்களுக்கு என்ன வேலை?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். படியில் ஏறி வரும்போதே அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

"அது சொல்லிடும் சார். நான் சொல்றதைவிட நல்லாவே சொல்லும். ஆனா கேக்கறவங்க 'சரிங்க'ன்னுடுவாங்க. நம்ம ஊர்ல டாக்டர்கிட்ட யாரு புரியலைன்னு சொல்லியிருக்காங்க? எங்க அப்பா சாகறவரைக்கும் சொன்னதில்ல. அந்த 'சரிங்க'வை நம்பாம, எந்தக் கிழமை போடுவீங்கன்னு திருப்பிக் கேக்கணும். பூவிழி கேட்டாளே, அது மாதிரி. அவங்க தயங்கறதைக் கேட்டுட்டு இன்னொரு தடவை கேக்கணும். அதுக்கு எங்களுக்குக் காது இருக்கு சார். எல்லா வியாதியும் எல்லா மருந்தும் டைப் அடிச்சு அடிச்சு எங்களுக்கு மனப்பாடம்."

கேஷவ் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே ரோட்டில் ஒரு ஆம்புலன்ஸ் போனது.

"யார் பணம் குடுப்பாங்க இதுக்கு?"

"அதை டாக்டர்கிட்டதான் கேக்கணும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளில் முதல் சிரிப்பாக இருக்கும். "இது நடந்தாலும் எல்லாருக்கும் வேலை இருக்கும்னு என்னால சொல்ல முடியாது எழில்."

"தெரியும் சார். ஆனா இதைக் கேட்டுப் பாக்காம நான் யார் பேரையும் சொல்ல மாட்டேன்."

"சென்னைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"யோசிச்சுக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லுங்க. பொய் இல்லையே."

கேஷவ் போனை எடுத்தார். பூவிழியைப் பற்றிச் சொன்னதும் மறுமுனையில் டாக்டருக்கு நினைவு வந்துவிட்டது. "சாயங்காலம் ரவுண்ட்ஸ் முடிச்சுட்டுப் பாக்கறேன்றார். கிளம்புங்க" என்றார் கேஷவ்.

*

டாக்டர் ஜாஃபர் சாதிக் ரவுண்ட்ஸ் முடித்து வரத் தாமதமாயிற்று. அவர் அறைக்குள் அவர்களைக் கூப்பிட்டபோது ஐந்து மணிக்குச் சொற்ப நேரமே இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எழில்மொழி பாதிதான் சொல்லியிருப்பாள், மடியில் இருந்த போன் அதிர்ந்தது. பரிதி. நிறுத்தினாள். மறுபடி அதிர்ந்தது. நிறுத்தினாள். மூன்றாம் முறை வந்தது.

"பேசிட்டு வாங்கம்மா" என்றார் டாக்டர். "இத்தனை தடவை அடிச்சா அது வீட்டு விஷயம்தான்."

வராந்தாவுக்கு ஓடினாள்.

"அம்மா, ஓ.டி.பி. வந்திருக்கும் பாரு. சொல்லு சீக்கிரம்."

"இரு. மொதல்ல எதைப் போட்டிருக்கே?"

"நீ சொன்னதைத்தான். சிவில்."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எழில்மொழியை நிறுத்தியது. பரிதிக்குக் கோபம் இல்லாமல் விட்டுக்கொடுக்கத் தெரியாது.

"ஏன்டி?"

"அப்பா எல்லாம் சொல்லிட்டாரு." பரிதியின் குரல் லேசாக உடைந்தது. "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? உன் வேலையைப் பிடுங்கினதைப் போயி நான் படிப்பேனா? எனக்கு வேணாம்மா. நம்பரைச் சொல்லு. லாக் பண்ணிடறேன்."

ஸ்ட்ரெச்சர் ஒன்றைத் தள்ளிக்கொண்டு போனார்கள். எழில்மொழி சுவரோரம் ஒதுங்கி நின்றாள். அவள் கேட்டது இதைத்தான். சனிக்கிழமை கத்தியது இதற்காகத்தான். கையில் கிடைத்தபிறகு அதை வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

"பரிதி, நான் சொல்றதைக் கேளு. நேரம் இல்ல. இன்னைக்குக் காலையில நான் ஒரு மருந்தைத் தப்பா எழுதிட்டேன். அந்த ஏ.ஐ.தான் நிறுத்தி, இன்னொரு தடவை கேளுன்னு சொல்லுச்சு. அது சொன்னதுதான் சரி."

"அம்மா..."

"நோயாளிக்கு என்ன வியாதின்னு பாத்துட்டுத்தான் மருந்துப் பேரைக் கேக்கணும்னு அதுக்கு யாரோ உக்காந்து சொல்லிக் குடுத்திருக்காங்க. யாரோ ஒரு பொண்ணு, யாரோ ஒரு பையன். ஒழுங்கா செஞ்சிருக்காங்க. அவங்க ஒழுங்கா செய்யலைன்னா இன்னைக்கு ஒரு உசுரு போயிருக்கும். அந்த வேலைக்கு நம்ம வீட்டுலேர்ந்து ஒரு ஆள் போகணும். மாத்து. உனக்குப் பிடிச்சதை மேல போடு."

"உனக்குக் கோபம் இல்லையா?"

"இருக்கு. இல்லாம எப்படி? அது என்னோட. அதை உன் தலையில கட்ட மாட்டேன். மாத்துடி, மணியாகுது!"

மறுமுனையில் மவுஸ் சொடுக்கும் சத்தம். "அப்பா, கொஞ்சம் தள்ளுங்க" என்று பரிதி விரட்டும் சத்தம். அன்பரசன் வயலுக்குப் போகாமல் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"மாத்திட்டேன். புது நம்பர் வரும். வந்துச்சா?"

வந்தது. எழில்மொழி ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். ஒன்றை அவசரத்தில் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். பரிதி அலறினாள். மறுபடி முதலிலிருந்து சொன்னாள். மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம்.

"லாக் ஆயிடுச்சும்மா!" என்று பரிதி கத்தியது வராந்தா முழுவதும் கேட்டிருக்கும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் திரும்பினாள்.

"மகளா?" என்றார் டாக்டர்.

"ஆமா சார். காலேஜ்ல என்ன படிக்கறதுன்னு..."

"என்ன படிக்கப் போறா?"

"ஏ.ஐ."

கேஷவ் சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எழில்மொழி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

டாக்டர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "ஒரு மாசம் நடத்திப் பாப்போம். செலவு என்னோடது. ஆனா ரெண்டு விஷயத்துல நான் பிடிவாதக்காரன். மெஷின் எழுதினது ஒரு வரி ஆனாலும் டாக்டர் பாக்காம வெளியே போகக் கூடாது. நோயாளி சம்மதிக்காம யாரும் போன் பண்ணக் கூடாது. சரியா?"

"சரிங்க சார்" என்றாள். சொன்னதும் அவளுக்கே என்னமோ போல் ஆகி, "புரிஞ்சுது சார்" என்று மாற்றிச் சொன்னாள். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்ப இப்பவே ஒருத்தருக்குப் பேசிக் காட்டுங்க. காலையில வீட்டுக்குப் போனவர். இதயத்துல ஸ்டென்ட் வெச்சிருக்கோம். போன் பண்ணட்டுமான்னு நர்ஸ் கேட்டதுக்கு, தாராளமாப் பண்ணுங்கன்னுட்டார்."

கேஷவ் அங்கேயே ஏ.ஐ.யிடம் கொடுத்துத் தமிழில் எடுத்த சீட்டை டாக்டரே வரி வரியாகப் படித்தார். ஓரிடத்தில் ஒரு சொல்லை மாற்றினார். கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். நர்ஸ் மேஜை போனில் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள்.

எழில்மொழி மேல் வரியைப் பார்த்தாள். தமிழ்மாறன். தகப்பனார் இளையபெருமாள். சீர்காழி.

இளையபெருமாள் அவளுடைய அப்பா. தமிழ்மாறன் கூடப் பிறந்த அண்ணன். அன்பரசன் நடவு மெஷினை வயலில் இறக்கிய அன்று, விவசாயத் தொழிலாளர் சங்கக் கொடியோடு வரப்பில் நின்று மறித்தவன் அவன்தான். "நம்ம அம்மா குனிஞ்சு குனிஞ்சு நட்ட மண்ணுல உன் புருஷன் இரும்பை இறக்குறான், நீ பாத்துக்கிட்டு நிக்கிற" என்று தங்கையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மனைவியின் ஊரான சீர்காழிக்குக் குடிபோய்விட்டான். அதிலிருந்து பேச்சு இல்லை. அவனுக்கு நெஞ்சு வலி வந்தது, இத்தனை கிட்டத்தில் படுத்திருந்தது, எதையும் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

வேறு யாராவது பேசட்டும் சார் என்று வாய்வரை வந்தது. அதற்குள் மறுமுனை எடுத்துவிட்டது.

"அலோ. யாருங்க?" குரல் மெலிந்திருந்தது.

"வணக்கங்க. ஜாஃபர் சாதிக் டாக்டர் ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறோம். மாத்திரையைப் பத்தி உங்ககிட்ட கொஞ்சம் பேசலாங்களா?"

"காலையிலேயே எல்லாம் சொல்லிட்டாங்களேம்மா. சரின்னுட்டுத்தான் வந்தேன்."

எழில்மொழி மூச்சை இழுத்துவிட்டாள். "எந்த மாத்திரையை எப்ப போடணும்னு நீங்க எனக்குச் சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்."

பிளாஸ்டிக் பை சலசலக்கும் சத்தம் மட்டும் வந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை.

"நெசத்தைச் சொல்லவா? ஒண்ணும் புரியலம்மா. கலர் கலரா இருக்கு. அத்தனை பேரு முன்னாடி கேக்கக் கூச்சமா இருந்துது. இத்தனையும் முழுங்கினா ஒடம்பு என்னத்துக்கு ஆகும், ரெண்டை நிறுத்திப் பாப்போம்னு இருந்தேன்."

"நிறுத்தாதீங்க!"

டாக்டரும் கேஷவும் ஒரே சமயத்தில் அவளைப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நெஞ்சுல வெச்சிருக்காங்களே அந்தக் குழாய், அதுல ரத்தம் கட்டிக்காம காப்பாத்தறது அதுல ஒரு மாத்திரைதாங்க. டாக்டர் சொல்லாம அதை ஒரு நாள்கூட விடக் கூடாது. பையை எடுங்க. ஒவ்வொண்ணா அட்டையைப் பாத்து எழுத்தைச் சொல்லுங்க. நாம ரெண்டு பேரும் சேந்து பிரிச்சு வெப்போம்."

அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். அவள் சொன்னாள். இது காலையில், இது சாப்பிட்ட பிறகு, இது படுக்கப் போகும்போது. சொன்னதை அவன் வாயால் திருப்பிச் சொல்ல வைத்தாள். ஒன்றை மாற்றிச் சொன்னபோது, திட்டாமல் மறுபடி கேட்டாள். அவன் சரியாகச் சொல்லி முடித்தபோது டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நிதானமா யாரும் எனக்குச் சொன்னதில்லம்மா" என்றான் தமிழ்மாறன். குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது. பிறகு தயங்கினான். "தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க வீட்டுப் புள்ள ஒண்ணு பேசற மாதிரியே இருக்கு. உங்க பேரு என்னம்மா?"

ஆஸ்பத்திரி ஊழியர் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடலாம். அது பொய்யும் ஆகாது.

"எழிலு பேசறேண்ணே" என்றாள்.

மறுமுனையில் சத்தம் நின்றது. பை சலசலப்பும் இல்லை. ஆனால் அவன் போனை வைக்கவில்லை. அவன் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருந்தது.